தாமு அடைத்த இடுக்குகள்

சேதி என் வீட்டுக்குத்தான் வந்தது, ஆனால் எனக்கு வரவில்லை. என் மனைவி சரோஜாவுக்கு வந்தது. நான் பட்டறையில் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள். "தாமு அண்ணன் போயிட்டாராம்," என்றாள். சொன்னவள் அப்படியே பலகைக் குவியல்மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். ஒருமுறை சாரத்திலிருந்து விழுந்து நான் கால் உடைந்து கிடந்தேன். அன்றைக்கு, "பார்த்து ஏறக் கூடாதா?" என்று கேட்டவள் இவள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"யார் சொன்னது?" என்றேன்.

"கஸ்தூரி அம்மா வீட்ல இருந்து போன் பண்ணாங்க. அவரு வீட்ல காலையில எழுந்து காபி கேட்டாராம். கொண்டாந்து வெக்கறதுக்குள்ள போயிட்டாரு."

இத்தனை வருஷம் கூட வேலை செய்தவன் நான். பட்டறையிலும் போன் இருக்கிறது. அன்று காலை அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சாவுச் சேதியிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு இருவரும் கொசப்பாளையத்துக்கு நடந்தோம். எங்கள் ஊரில் ஒரு தெருவில் சாவு விழுந்தால், எடுக்கிறவரைக்கும் அந்தத் தெருவில் தறி ஓட்டமாட்டார்கள். அது அந்தத் தெருவோடு சரி. அடுத்த தெருவில் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அன்றைக்கு அவர் தெருவுக்கு வெகுதூரம் முன்னாலேயே சத்தம் இல்லை. கைத்தறி நின்றிருந்தது, பவர்லூமும் நின்றிருந்தது. யாரோ ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது தெருக்கோடிவரை கேட்டது. ஒவ்வொரு தெருவாகத் தாண்டும்போது எனக்கு ஒரே ஒரு யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது. அடக்கமாட்டாமல் சரோஜாவிடம் கேட்டும்விட்டேன்.

"நான் செத்தா எத்தனை தெருவுல தறி நிக்கும்?"

மூக்கைச் சிந்திக்கொண்டே அவள் சொன்னாள்: "மொதல்ல சாவுங்க, அப்பறம் பார்க்கலாம்."

இரங்கல் கூட்டத்தில் படிக்க எழுதிக் கொடுங்கள் என்று நம் கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். அவர்கூட அதிகம் வேலை செய்தவர் நீங்கள்தானே என்றார்கள். எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியையும் அடிக்கக் கூடாது என்றேன். உயிரோடு இருந்தபோது தாமுவை நான் ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அது தெரியும். திடீரென்று இன்றைக்குப் புகழ்ந்தால் நீங்களே சிரிப்பீர்கள். அவரும் சிரிப்பார்.

வேலை தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆரணியில் பட்டுக்கு நல்ல காலம். தறிக்காரர்கள் பழைய சின்ன ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டுப் பெரிய ஜன்னல்களாக வைத்தார்கள். வெளிச்சம் நன்றாக விழுந்தால் பகலெல்லாம் விளக்கு போடாமல் நெய்யலாம். கொசப்பாளையத்திலும் அருணகிரிசத்திரத்திலும் அந்தக் காலத்தில் வைத்த ஜன்னல்கள் பாதிக்கு மேல் என் பட்டறையில் செய்தவை. ஜன்னல் புதுசு, சுவர் பழசு. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய அந்தச் சுவர்களில் ஓட்டையைப் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். எவ்வளவு மட்டம் பார்த்து நிறுத்தினாலும் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு நிற்கும். கொத்தனார் அதில் சிமெண்டைப் பூசிவிட்டுப் போவார். ஒரு வெயில் காலம் போனால் மரம் சுருங்கும். சிமெண்ட் சுருங்காது. இரண்டுக்கும் நடுவே மெல்லிசாகப் பிளவு விடும்.

வேறு ஊராக இருந்தால் யாரும் சட்டை செய்யமாட்டார்கள். இங்கே ஜன்னலை ஒட்டித்தான் தறி இருக்கிறது. ஆடி மாதம் படவேட்டு மலைப் பக்கமிருந்து காற்று கிளம்பினால் அந்தப் பிளவு வழியாக ஊசி மாதிரி உள்ளே வந்து பாவின்மேல் விழும். தறியில் நீளவாட்டில் கட்டியிருக்கிற நூல்தான் பாவு. காய்ந்த காற்று விடாமல் பட்டால் பட்டு இழை முறுகி அறுந்துபோகும். தெருப் புழுதி வேறு. சந்தன நிறத்து முகூர்த்தப் புடவையில் புழுதிக் கோடு விழுந்தால் வியாபாரி தொடமாட்டார். அப்போது தறிக்காரர் சுவரைத் திட்டமாட்டார், சிமெண்டைத் திட்டமாட்டார். "ஆசாரி வெச்ச ஜன்னல் சரியில்ல" என்பார். மரம் நல்ல மரம், பொருத்து நல்ல பொருத்து, நடுவில் இருக்கிற காலி இடத்துக்கு நான் பேர் கெட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரு புகாரைக் கேட்கத்தான் கஸ்தூரி அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் போன பிறகு தனியாளாக நின்று தறிகளை நடத்துகிற அம்மா. அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். உள்ளே நுழைந்தால், என் ஜன்னலுக்கு எதிரில் யாரோ ஒருத்தர் கையைத் தூக்கிக்கொண்டு சாமி வந்தவர் மாதிரி நிற்கிறார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் என்னமோ பிடித்திருக்கிறார். கிட்டப் போனால்தான் தெரிகிறது, ஒற்றைப் பட்டு இழை.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"பேசாதீங்க ஆசாரியாரே. உங்க மூச்சுக்கே ஆடுது."

அதுதான் தாமு. தாமோதரன் என்று முழுப் பேர். நெசவாளி. குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் மடங்காமல் போய், தறியை விட்டுவிட்டு வேறு என்ன செய்யலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். இழையைப் பிடித்தபடி சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார். மேல்மூலைக்கு வந்ததும் இழை உள்பக்கம் சாய்ந்து நடுங்கியது. "பார்த்துக்கோங்க, இங்கதான் வருது," என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நான் நாள் முழுக்க நின்று ஜன்னலை நிறுத்தியபோது ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. இவர் ஒரு இழையைத் தூக்கிப் பிடித்தார், தெருவே உள்ளே வந்துவிட்டது.

அடைப்பதற்கு அவர் எடுத்தது பட்டுக் கழிவு. தறிக்காரர் வீட்டில் அது மூலைக்கு மூலை கிடக்கும். அதைச் சோற்றுக் கஞ்சியில் நனைத்தார். பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்குகிற கை, வேறு எதைத் தேடும்? உடைந்துபோன ஒரு நாடா வைத்திருந்தார். ஊடை நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகிற அந்த நாடாவின் கூர்முனையால் கழிவை இடுக்குக்குள் திணித்துத் திணித்து, மேலே சுண்ணாம்பு பூசினார். காய்ந்த பிறகு மறுபடியும் இழையைப் பிடித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆடல," என்றார் தாமு.

அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பெண்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. கஸ்தூரி அம்மா, "தாமு, காபி சாப்பிட்டுட்டுத்தான் போவணும்," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆசாரி, இந்தத் தாழ்ப்பாள் இறுக்கமா கீது, அத்த கொஞ்சம் பாரு," என்றார். நான் தாழ்ப்பாளைப் பார்த்தேன். காபி வாசனை வந்துகொண்டிருந்தது.

பிறகு ஊரெல்லாம் தாமு பேச்சுதான். நான் ஜன்னல் வைத்துவிட்டு வந்தால் போதும், "தாமு எப்ப வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். ஜன்னல் என்னவோ பாதி வேலை மாதிரியும், அவர் வந்தால்தான் அது ஜன்னல் ஆகும் என்பது மாதிரியும். அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "ஜன்னலு வெளிச்சத்துக்குத்தான். காத்து வேணும்னா தெருவுல போய் நில்லு," என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு திரிந்தார். அடக்கம் என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. தன் வேலையைத் தானே தட்டிக் காட்டி, "கல்லு மாதிரி கீது பாரு," என்பார். நான் இப்படிப் பேசினால் திமிர் பிடித்தவன் என்பார்கள். அவர் பேசினால் சிரித்தார்கள்.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்ததும் ஒரு நல்ல சேதி வந்தது. நல்ல சேதி என்றுதான் சொல்வேன். கஸ்தூரி அம்மா வீட்டு ஜன்னல் ஓரமெல்லாம் எறும்பு. கஞ்சிச் சோற்றுக்கு எறும்பு வராமல் இருக்குமா? எறும்புக்குப் பின்னால் எலி வந்திருக்கிறது. கஞ்சியைத் தின்றுவிட்டு, பட்டுக் கழிவை இழுத்துப் போய் மூலையில் மெத்தை கட்டிக் குட்டி போட்டிருக்கிறது. அதோடு விட்டதா? போகிற வழியில் தறியில் இருந்த பாவையும் கடித்து வைத்திருக்கிறது. ஏதோ கல்யாணத்துக்குச் சொல்லி நெய்துகொண்டிருந்த புடவை.

நான் இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். இன்றைக்கு இவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். தெருப் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள், முதல் தடவை மாதிரியே. கஸ்தூரி அம்மா முகம் சிவந்திருந்தது. தாமு எலி வளையை எட்டிப் பார்த்தார். நிதானமாக நிமிர்ந்தார்.

"பாவம், பிரசவத்துக்கு வந்துகீது. நம்ம ஊர்ல பொறந்த குட்டி, பட்டுல படுக்காம பருத்தியிலயா படுக்கும்?" என்றார்.

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அப்புறம் கஸ்தூரி அம்மாவும் சிரித்துவிட்டார். என் முகத்தில் ஈயாடவில்லை. இதே வீட்டில் ஒரு தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்ததற்கு ஒரு மாதம் எனக்குப் பாட்டு விழுந்தது.

சிரிப்போடு அவர் விட்டிருந்தால்கூட என் வயிறு இவ்வளவு எரிந்திருக்காது. மடங்காத முழங்காலை வைத்துக்கொண்டு தறிக் குழிக்குள் இறங்கினார். ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு கோணலாக உட்கார்ந்து, எலி கடித்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பிணைத்து முடிக்கிறவரைக்கும் தினமும் வந்தார். நான் எந்த வீட்டிலும் என் வேலை அல்லாத வேலையைச் செய்ததில்லை. என் வேலையைச் சுத்தமாகச் செய்வேன், துடைத்துவிட்டு வருவேன். அதுதான் நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் நியாயமாக நடந்துகொண்டவனுக்கு யாரும் இலை போட்டுப் பரிமாறவில்லையே, அதைத்தான் சொல்கிறேன்.

கஞ்சி போன பிறகு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு தாமு நேராக என் பட்டறைக்கு வந்தார். நான் சட்டத்துக்கு வேம்பு அறுத்துக்கொண்டிருந்தேன். கீழே கிடந்த தூளை அள்ளி முகர்ந்தார். "இந்தக் கசப்புக்கு எறும்பு வராது இல்ல?" என்றார். வேப்பந்தூளையும் சுண்ணாம்பையும் பசையையும் குழைத்து ஒரு கலவை செய்தார். அது பிடித்துக்கொண்டது. மரத்தூள் ஆனதால் மரத்தோடு சேர்ந்து உப்பியது, மரத்தோடு சேர்ந்து சுருங்கியது. பிளவே விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு சாக்கை என் பட்டறை மூலையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் கூட்டுகிற தூளை அதில் போட வேண்டும், அவர் வந்து எடுத்துப் போவார். என் மரம், என் தூள், என் ஜன்னல். பேர் மட்டும் தாமு அடைப்பு.

அடுத்த வருஷம் கஸ்தூரி அம்மா பின்கட்டில் ஒரு தறிக்கூடம் கட்டினார். நிலை வைத்ததும் ஜன்னல்கள் வைத்ததும் நான். தாமுதான் அடைத்தார். புதுத் தறிக்குப் பூஜை போட்ட அன்று வேலை செய்தவர்களுக்கெல்லாம் தட்டு வைத்துக் கொடுத்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு துண்டு. வீட்டுக்கு நிலை நிறுத்தினவன் தச்சன், அதனால் முதல் தட்டு தச்சனுக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா வாங்கினார், நான் வாங்குகிறேன். கஸ்தூரி அம்மா தட்டை எடுத்தார். நான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினேன். தட்டு என் கையைத் தாண்டிப் போய்த் தாமு கையில் உட்கார்ந்தது.

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டேன். தாமு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஆசாரிக்குக் கொடுங்கம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டாவது தட்டு எனக்கு வந்தது. அதே வெற்றிலை, அதே பாக்கு, அதே துண்டுதான். வீட்டுக்கு வந்து அதை அலமாரிக்குமேல் போட்டேன். சரோஜா எடுத்துத் தலை துவட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பட்டறையில் தூள் சேரவிடவில்லை. சாயங்காலம் கூட்டி அள்ளி, வெந்நீர் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். தாமு வந்தார். சாக்கைத் தூக்கிப் பார்த்தார். காலி.

"இன்னா ஆசாரியாரே, தூளு இல்லியா?"

"இல்ல."

"அடுப்புல வாசனை வருதே."

"வரும்."

சாக்கை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார். சேத்துப்பட்டுக்கு பஸ் ஏறிப் போய் அங்கே ஏதோ மரவாடியில் தூள் வாங்கிக்கொண்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். போகட்டும் என்றிருந்தேன். ஒரு மாதம் போயிருக்கும். மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் புழுதி.

"பேஜாரா பூடுச்சு ஆசாரி. அந்தத் தூளு உன் மரத்தோட ஒட்ட மாட்டேங்குது. இழை ஆடுது," என்றார். எப்போது நான் 'நீ' ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. "உன் மரத்துக்கு உன் தூளுதான் சரி. கொட்றதா இருந்தா சாக்குல கொட்டு. கொளுத்தறதா இருந்தா சொல்லிடு, நானும் இந்த வேலைய வுட்டுட்டுப் போறேன்."

மறுநாள் கூட்டின தூளைச் சாக்கில் போட்டேன். அவர் கெஞ்சியிருந்தால் போட்டிருக்கமாட்டேன். கெஞ்சத் தெரியாத ஆளிடம் எவ்வளவு நாள் முறுக்கிக்கொண்டு நிற்பது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு அலுமினிய ஜன்னல் வந்தது. துப்பாக்கி மாதிரி ஒன்றில் குழாயைச் செருகி அழுத்தினால் பசை பிதுங்கி வந்து இடுக்கை அடைக்கும். எனக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. தாமு ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். அந்தத் துப்பாக்கியைக் குழந்தைகள் பக்கம் நீட்டி, "கையத் தூக்கு," என்று விளையாட்டுக் காட்டுவார். அலுமினியக்காரர்களும் அவரையே கூப்பிட்டார்கள். எந்த ஜன்னல் வந்தாலும் அந்த மனுஷனுக்கு மட்டும் ஒரு இடுக்கு கிடைத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நான் என் வீட்டுக்கு மாடி எடுத்தேன். மாடி அறைக்கு நானே பார்த்துப் பார்த்துச் செய்த தேக்கு ஜன்னல். ஊரிலேயே அப்படி ஒரு ஜன்னல் இல்லை என்று சொல்வேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். சரோஜா வீட்டில் ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறவள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ராட்டையை அந்த ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் போட்டாள். சுற்றுப்பூச்சை நானே பூசினேன். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்குத் தெரியாதா?

ஆடி பிறந்ததும் ஆரம்பித்தாள். "நூலு சிக்குதுங்க. காத்து எங்கியோ வருது. தாமு அண்ணனை ஒரு தபா கூப்பிட்டுப் பார்க்கலாமா?"

"ஊரெல்லாம் ஜன்னல் வெச்சவன் வீட்டுக்கு இன்னொருத்தன் வந்து பூசணுமா? அதுக்கு நான் உளியைத் தூக்கிப் போட்டுட்டு வீட்ல உட்கார்ந்துக்கறேன்."

சரோஜா சண்டை போடவில்லை. ஆளனுப்பிக் கூப்பிட்டுவிட்டாள். நான் சாப்பிட வந்த நேரம் தாமு என் வீட்டு மாடியில் நிற்கிறார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்கள். இதற்கென்றே வந்த கூட்டம். ஆசாரி வீட்டு ஜன்னலைத் தாமு சோதிக்கிறார் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? சரோஜா தன் ராட்டையிலிருந்தே ஒரு இழையைப் பிரித்துக் கொடுத்தாள். இவ்வளவு நாள் மற்றவர்கள் வீட்டில் நடந்தது வேறு. இது என் வீடு, என் ஜன்னல், என் பூச்சு. இங்கே அந்த இழை ஆடினால் நாளைக் காலைக்குள் கொசப்பாளையம்வரை போய்விடும்.

மேல்பக்கம் ஆடவில்லை. வலது பக்கம் ஆடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து இடது பக்கம் கீழ்மூலைக்கு வந்தார். இழை சாய்ந்தது. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார். சட்டென்று தோளைக் கொஞ்சம் திருப்பி மறைத்துக்கொண்டு, இழையை விரலில் சுருட்டினார்.

"ஆடல, தங்கச்சி," என்றார் சரோஜாவிடம். "ஆசாரி பூசினதுக்கு மேல நான் வந்து இன்னா பூசறது? என்னை எதுக்கு மாடி ஏற வெச்ச?"

பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு ஒரு மரியாதை இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக. அதையும் அவர்தான் கொடுத்தார், கவனியுங்கள். வாசல்வரை கொண்டுபோய் விடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "எடது பக்கம் கீழ்மூலை. நாளைக்கு நீயே அடைச்சுடு. ஜல்தியா அடை, மழைக்கு முன்னால."

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். அதில் சந்தேகமே வேண்டாம். இழையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருப்பேன். என்னிடமிருந்து முதல் தட்டைப் பறித்துக்கொண்ட அதே ஆள், ஊர் பார்க்க என்னைக் கவிழ்க்கக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தட்டுக்குக்கூட நான் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை. எப்படி அந்த மனுஷனுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது? யோசிக்கக்கூட இல்லையே. ஒரு தோள் திருப்பல், அவ்வளவுதான்.

அவர் சொல்லி நான் அடைப்பதா என்று அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டேன். சில நாளில் சரோஜா ராட்டையை எதிர்ச் சுவர்ப் பக்கம் நகர்த்தினாள். "அங்கதாங்க வெளிச்சம் நல்லா கீது," என்றாள். இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு எத்தனையோ ஆடி வந்து போனது. தாமு பட்டறைக்கு வருவார், தூள் எடுப்பார், டீ குடிப்பார், போவார். அந்த மூலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது அவரை எடுத்த அன்றைக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு, மாடியில் உட்கார்ந்திருந்தோம். வெளியே இன்னும் தறிச் சத்தம் ஆரம்பிக்கவில்லை. சரோஜா எதிர்ச் சுவர் ஓரம் ராட்டைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஊரே அழுவுது. அப்படி இன்னா செஞ்சுட்டாரு? சந்துல தூளைத் திணிச்சாரு. அதுவும் என் தூளு," என்றேன்.

சரோஜா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கு ஆடிச்சு," என்றாள்.

"எது?"

"இழை. கீழ்மூலையில. நான் அண்ணனுக்குப் பின்னாலதானே நின்னுகினு இருந்தேன். நல்லா பார்த்தேன்."

"அப்ப ஏன் சொல்லல? இத்தனை வருஷமா?"

"அவரே சொல்லல. நான் எந்த வாயால சொல்றது?"

அப்போதுதான் அந்த ராட்டை ஏன் இடம் மாறியது என்று எனக்கு உறைத்தது. வெளிச்சம் இல்லாத பக்கம் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நூல் சுற்றியிருக்கிறாள், நான் பூசிய பூச்சு சரியில்லை என்று சொல்லக் கூடாது என்பதற்காக. தாமு அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இவள் அதை இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறாள். இரண்டு பேரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதுகூட இல்லையாம். கேட்டேன், "எதுக்குப் பேசணும்?" என்றாள். என் பெண்டாட்டிக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒன்று, பேசாமலே புரிந்துகொள்கிற மாதிரி ஒன்று இருந்திருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். செத்த மனுஷன்மேல் எனக்குப் பொறாமை பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போய் மூலையில் இருந்த சாக்கை எடுத்தேன். பாதிக்கு மேல் தூள் இருந்தது. கடைசியாக வந்தபோது, மிச்சத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று வாயைக் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். நெசவுக்காரர் போட்ட முடிச்சு, எனக்கு அவிழ்க்க வரவில்லை. சரோஜாதான் நகத்தால் நெம்பி அவிழ்த்தாள். தூளையும் சுண்ணாம்பையும் பசையையும் குழைத்தேன். உடைந்த நாடாவுக்கு எங்கே போவது? ஒரு பழைய உளியின் பிடியைச் சீவி, இடது பக்கம் கீழ்மூலையில் திணித்துத் திணித்து அடைத்தேன். அவர் மாதிரி வரவில்லை. கொஞ்சம் கோணல்தான்.

காய்ந்த பிறகு சரோஜாவைக் கூப்பிட்டேன். ராட்டையிலிருந்து ஒரு இழையைப் பிரித்துக்கொண்டு வந்து குனிந்து பிடித்தாள். வெளியே நல்ல காற்று. வேப்ப மரம் ஆடிக்கொண்டிருந்தது. நான் வாசப்படியிலேயே நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அவள் முதுகுதான் தெரிந்தது, தோளுக்கு அந்தப் பக்கம் இழை தெரியவில்லை.

"ஆடுதா?" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். பிறகு இழையை விரலில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஆடலீங்க," என்றாள்.

அவரை அறிந்தவர்களே, தாமுவிடமிருந்து உங்களுக்கு என்னென்னவோ மிஞ்சியிருக்கும். அவர் அடைத்த ஜன்னல்கள் இருக்கின்றன, எலிக்கதை இருக்கிறது. எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். சரோஜா அதைப் பார்த்துச் சொன்னாளா, அவரிடம் கற்றுக்கொண்டு சொன்னாளா, எனக்குத் தெரியாது. ராட்டையை மறுபடியும் ஜன்னல் ஓரம் கொண்டுவந்து போட்டிருக்கிறாள். நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.